யதுஷாவின் முறை

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வேலைக்கு வருகிற மனிதனுக்குப் பொறுமை தானாகவே வந்துவிடும். புறக்கோட்டையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அது நிரம்பி வந்தால் விட்டுவிட்டு இன்னொன்றுக்கும் நிற்க வேண்டும். நான் ஒருநாளும் எந்தக் கண்டக்டருடனும் சண்டை பிடித்ததில்லை. இந்தக் கிளெமென்ற் சேர், நான், கோபப்பட்டுக் கண்டவர் எங்கள் அலுவலகத்திலும் இல்லை. நீங்கள் யாரையும் கேட்டுப் பார்க்கலாம், இன்ஸ்பெக்டர்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். விசேட தேவையுள்ள பிள்ளை சாதாரண பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, வகுப்பில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒரு துணையாள் வேண்டும். அந்தத் துணையாளைத் தெரிவுசெய்து, பயிற்சி கொடுத்து அனுப்புவது எங்கள் நிறுவனம். யாரை எந்தப் பிள்ளைக்கு எப்போது அனுப்புவது என்பது என் பொறுப்பு. தாமதம் என்று முறையிட வருகிறவர்களைச் சந்திப்பதும் என் பொறுப்புத்தான். இரண்டும் ஒரே கதிரையில் இருந்ததை நீங்கள் விசித்திரமாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

இந்தப் பெற்றோரை நீங்கள் அறியமாட்டீர்கள். உலகத்தில் தனக்கு மட்டும்தான் பிள்ளை பிறந்தது போல ஒவ்வொருவரும் வருவார்கள். டொரொன்டோவில் இருக்கும் மச்சாள், அங்கே எல்லாம் ஒரு கிழமையில் நடக்கும் என்று சொன்னாளாம். அப்படியென்றால் அங்கேயே போகலாமே. வாட்ஸ்அப்பில் குழு வைத்துக்கொண்டு என்னைப் பற்றிக் கண்டபடி எழுதுவார்கள். பிறகு என் முன்னால் வந்து பல் தெரியச் சிரித்துக் கேக் பெட்டியை நீட்டுவார்கள். கதைப்பதை ஒளித்துப் பதிவு செய்யவும் தொடங்கினார்கள். அதனால்தான், வருகிறவர்கள் கைத்தொலைபேசியை நிறுத்தி வாசலில் பியோனிடம் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு வைத்தேன். நல்ல ஒழுங்கு. நடைபாதை பூசை நேரத்துக் கோயில் போல அமைதியாகிவிட்டது.

யதுஷா முதலில் வந்தபோது எனக்கு அவர்மேல் ஒரு வெறுப்பும் இருக்கவில்லை. பார்மசி ஒன்றில் வேலை, கணவர் கட்டாரில். மகன் ஹரிசனுக்கு எட்டு வயது, பேச்சு மிகக் குறைவு. பள்ளிக்கூடம் கடற்கரைப் பக்கம், ரயில்பாதைக்குக் கிட்ட.

“ட்ரெயின் சத்தம் கேட்டா எழும்பி ஓடுவான் சேர்,” என்றார். “கேற் திறந்திருந்தா நேரா தண்டவாளத்துக்குத்தான் போவான். அவ்வளவு பிள்ளையளுக்குள்ள ரீச்சர் இவனை எப்பிடிப் பாக்கிறது? ஒரு ஆள் பக்கத்தில இருந்தாக் காணும்.”

பார்ப்போம் என்றேன். அடுத்த கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமையும். ஒவ்வொரு தடவையும் அதே கேற், அதே தண்டவாளம். ஒரே பயத்தை எத்தனை தரம் கொண்டுவந்து மற்றவர் மேசையில் வைப்பது? பிறகு என்னைத் தாண்டி மேலே போனார். பணிப்பாளர் லுத்பியா மேடத்துக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். எல்லாருக்கும் முன்னால், “மிஸ்டர் கிளெமென்ற், இதை ஏன் இவ்வளவு இழுக்கிறீங்க?” என்று கேட்டார். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே ஹரிசனுக்கு ஒருத்தியை ஒதுக்கினேன்.

அவள் பெயர் டெனிஷா. ஜிந்துப்பிட்டிப் பிள்ளை, பயிற்சியில் எல்லாரையும் விடக் கெட்டிக்காரி. அவள் கையைப் பிடித்தால் எந்தப் பிள்ளையும் உதறாது. ஆள் தயார் என்று மேடத்திடம் சொன்னேன். அது பொய்யல்ல. அவள் தயாராகத்தான் இருந்தாள், என் அறைக்கு வெளியே, தொலைபேசிக்குப் பக்கத்தில். அழைப்புகளை எடுப்பாள், தேநீர் ஊற்றுவாள். யதுஷாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. முறையிட்டவுடன் கிடைத்துவிட்டால் நாளைக்கு எல்லாரும் முறையிடுவார்கள். ஒரேயொரு தடவை சத்தம் போடாமல், மரியாதையாகக் கேட்டிருந்தால் அந்த நிமிடமே அனுப்பியிருப்பேன். பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான்.

அந்த நாளுக்கு வருகிறேன். யதுஷா காலையிலேயே வந்து, போனைக் கொடுத்துவிட்டு நடைபாதை வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன் வந்தவர்களை அழைத்தேன்; பின்னால் வந்தவர்களையும் அழைத்தேன். கண்ணாடிக் கதவினூடாக அவரைப் பார்த்தேன். முதல் தடவையாக வாய் திறக்காமல் இருந்தார். ஒருவழியாகப் பாடம் ஏறுகிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் டெனிஷா உள்ளே ஓடி வந்தாள்.

“சேர், ஸ்கூல்ல இருந்து. ஹரிசனக் காணலயாம். அம்மா இங்க வாரதாச் சொல்லியிருந்தாங்களாம், அவங்கட போன் ஓஃப்னு இங்க எடுத்திருக்காங்க. அவங்க வெளியதானே இருக்காங்க, சொல்லட்டா?”

“இரு,” என்றேன்.

அழைப்பை நானே எடுத்தேன். ரீச்சர் அழுதுகொண்டிருந்தார். மைதானம், பக்கத்துக் கடைகள் எல்லாம் தேடுகிறார்களாம். “நான் இந்தக் கிழமைதான் இஞ்ச வந்தனான் சேர். அவன் எங்க போவான் எண்டு தெரியேல்ல. அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கோ.”

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

கேட்கத் தேவை இருக்கவில்லை. எனக்குத் தெரியும். அவ்வளவு தடவை சொல்லியிருந்தார். ஆனால் நான் அதை ரீச்சருக்குச் சொன்னால், இத்தனை மாதமும் அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று என் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆகவே அடுத்தவரை அழைத்தேன். கொம்பனித்தெருவிலிருந்து வந்த ஒரு தகப்பன், அடக்கமான மனிதர். அவருடன் நிதானமாகக் கதைத்தேன். டெனிஷா கதவடியில் நின்று, “சேர், ப்ளீஸ், நானாவது போய்ப் பாக்கிறேன்,” என்று அழுதாள். போனடியில் இரு என்றேன். இருந்தாள். சொல்வழி கேட்கிற பிள்ளை. அவளை நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

கதைத்துக்கொண்டிருக்கும்போது கரையோரமாக ஒரு ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. விடாமல் அடித்தது. வெளியே யதுஷா எழுந்து நின்று, சுற்றிப் பார்த்து, மறுபடியும் வாங்கில் உட்கார்ந்ததைக் கண்டேன்.

இரண்டாவது அழைப்பில் பேசியவர் பள்ளிக்கூட அதிபர். பிள்ளையைத் தண்டவாளத்தில் எடுத்தார்கள், உயிரில்லை என்றார். தாயாரிடம் நானே சொல்கிறேன் என்றேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

தகப்பனை அனுப்பிவிட்டு, கதவை நானே திறந்து யதுஷாவை உள்ளே கூப்பிட்டேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“சேர், கோவிக்காதேங்கோ,” என்றார். “இண்டைக்கு நான் சண்டை பிடிக்க வரேல்ல. உங்களுக்கு எப்ப ஏலுமோ அப்ப ஆளைத் தாங்கோ.”

எனக்கு அவர்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. தண்ணீர்க் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“இனி அவசரமில்லை, மிஸிஸ். ஆறுதலாகக் கதைப்பம்,” என்றேன். அந்தச் செய்தியை அதைவிட மென்மையாக வேறு யார் சொல்லியிருப்பார்கள், இன்ஸ்பெக்டர்?