கஞ்சி போட்ட அங்கி

— அக்கா, உலையைத் திறக்காதே! எனக்குப் பயமா இருக்குது.

— உலை ஆறிப்போச்சு, ரத்தினபாய். அடுப்படியில நான் மூடி வெச்ச கிண்ணத்தைத் தொடும்போது பயந்திருக்கணும்.

— வெள்ளையா, கொழகொழன்னு இருந்துச்சு. கஞ்சின்னு நெனச்சு எங்க வீட்டுக்காரரோட பாதிரி அங்கிக்குப் போட்டுட்டேன். ஆராதனைக்கு மொடமொடன்னு இருக்கணுமே!

— கஞ்சிதான். அதுலதான் என் ஆராய்ச்சிக்கு வெச்சிருந்த டைட்டானியம் டை ஆக்சைடு பவுடர் மொத்தமும் கலந்திருந்தேன். கைவசம் வேற ஒரு சிட்டிகைகூட இல்லை.

— நல்லா பட்டேன்க்கா. அங்கி பலகையாட்டம் நின்னுச்சு. அவரு தலையை விட்டாரு, கழுத்து மாட்டிக்கிச்சு. இரும்புலியூர் சபையே சிரிச்சுது. ஒரே பேஜாரு!

— நீயும் இப்போ சிரிக்கிறே.

— அழுறேன்க்கா. அங்கியோட ஒரு கையை வெட்டி உலையில வெச்சியே, பவுடர் திரும்பக் கிடைக்குமா?

— துணி எரியும், பவுடர் எரியாது. சுரண்டி எடுக்கணும். நாளைக்குப் புரொபசர் வரும்போது தண்ணியில குமிழி வரலேன்னா, இந்த லேப் மேசையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவார்.

— குமிழி எதுக்கு?

— வெயில் பட்டா தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன் வரணும். மண்ணெண்ணெய்க்கு கியூவுல நிக்கிறியே, என்னைக்காவது உன் அடுப்பு அதுல புகையில்லாம எரியும். ஆனா இதுவரைக்கும் நான் உலையில சுட்ட பவுடரெல்லாம் ஓடு மாதிரி இறுகிப்போச்சு. உள்ளே தண்ணி நுழையத் துளை இல்லை. கஞ்சி எரிஞ்ச இடம் துளையாகும்னுதான் அதைக் கலந்தேன்.

— சரி, திற. கர்த்தரே, எங்க அக்காவைக் கைவிட்டுடாதேயும்... என்னக்கா இருக்குது உள்ளே?

— துணி இல்லை. பவுடர்ல நெசவு மட்டும் நிக்குது. பார், தையல்கூடத் தெரியுது! ஒவ்வொரு நூலும் எரிஞ்ச இடத்துல தண்ணி நுழைய ஒரு குழாய்.

— அப்பளம் மாதிரி இருக்குதே!

— தொடாதே! நொறுங்கிடும். அந்தக் கம்பியைக் கொடு, இதுல மாட்டி மெதுவா தண்ணியில இறக்குறேன். பாத்திரத்தை ஜன்னலோரம் வெயில்ல வை. இந்தச் சின்ன பேட்டரியை நான் இணைக்கிறேன்; தனியா அது தண்ணியைப் பிரிக்காது, வெயிலுக்கு ஒரு தள்ளு மட்டும்தான்.

— அக்கா! குமிழி! சோடாவைத் திறந்தாப்பல வருது!

— குதிக்காதே, மேசை ஆடுது. ... ஆமாம். வருது. நிக்காம வருது.

— ஸ்தோத்திரம்! அப்போ உன்னைக் கூப்பிட்டிருக்கிற அந்த மதுரை பள்ளிக்கூட வேலைக்கு நீ போகவேண்டாமே? உன்னைத் தாம்பரத்தை விட்டு நானே துரத்தினேன்னு ஆயிருக்கும். இப்பதான்க்கா எனக்கு மூச்சே வருது.

— அங்கியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு அழுதியே, அப்பவே போய், பழி உன்மேல விழக்கூடாதுன்னு, அந்த வேலை வேண்டாம்னு தந்தி கொடுத்துட்டேன்.