மூணு கை வச்ச சட்டை

– அப்புறம்?

– அப்புறம் என்ன, செவ்வாய்க்கிழமை ஒரு சட்டை தச்சு முடிச்சே. மூணு கை வச்சு.

– மூணு கையா? யாருக்கு?

– அளவு கொடுத்தவருக்கு ரெண்டுதான் இருந்துச்சாம்.

– பொய் சொல்லாதீங்க. பதினெட்டு வருஷமா தைக்கிறேன், ஒரு பட்டன்கூட இடம் மாறினதில்ல.

– எடுத்து வச்சிருக்கேன், வீட்டுக்கு வந்து பாரு. தையல் என்னமோ சுத்தமாத்தான் இருக்கு.

– அக்கா, கையை மடக்காதீங்க. மருந்து இறங்கிட்டிருக்கு.

– இன்னும் எத்தனை நாளைக்கு சிஸ்டர்?

– இன்னைக்கு பத்தொம்பதாம் நாள். இன்னும் ரெண்டு நாள். மூளையைத் தொட்ட கிருமி அக்கா, இருபத்தோரு நாள் முழுசா மருந்து ஏறினாத்தான் விடும்.

– எனக்கு அந்த வாரமே ஞாபகம் இல்ல. வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்க, கேட்டா ஏதாவது ஞாபகம் வரலாம்னாரு டாக்டர். இவரு ஒரு வார்த்தை பேச நாலு தடவை கியர் மாத்துறாரு.

– சொல்லிட்டுத்தானே இருக்கேன். புதன்கிழமை காலையில, தையல் மிஷின்ல எண்ணெய் விடுற ஓட்டையில பாலை ஊத்தினே. பக்கத்து வீட்டு அக்கா ஏன்டின்னு கேட்டதுக்கு, அதுக்கும் பசிக்கும்லன்னு சொன்னியாம்.

– சொன்னியாமா? நீங்க பாக்கலையா?

– கேளு. அந்த அக்கா உன்னைக் கீழ கூட்டிட்டு வர்றப்பதான் படிக்கட்டுல வலிப்பு வந்துச்சு. நான் ஓடி வர்றதுக்கும் ஆம்புலன்ஸ் வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. இங்க வந்தா டாக்டர், மூளைக் காய்ச்சல் மாதிரி தெரியுது, முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும், கையெழுத்துப் போடுங்கன்னாரு. கால் விளங்காமப் போயிடுமான்னு கேட்டேன். அவங்க காலுக்கு ஒண்ணும் ஆகாது, உங்க கால்தான் ஆடுது, உக்காருங்கன்னாரு.

– உக்காந்தீங்களா?

– உக்காந்துதான் போட்டேன். சாட்சி போடுற இடத்துல போட்டுட்டேன். வேற தாள் கொடுத்தாங்க.

– அதுக்குள்ள நாங்க மருந்தை ஆரம்பிச்சுட்டோம் அக்கா. ரிசல்ட் வர்ற வரைக்கும் கிருமி சும்மா இருக்காது.

– அது சரி சிஸ்டர். நான் கேட்டதுக்கு இவரு இன்னும் பதில் சொல்லல. புதன்கிழமை நீங்க எங்கருந்து ஓடி வந்தீங்க?

– லாரியிலருந்து.

– லோடு போயிருந்தீங்களா?

– லோடு இல்ல. ஷெட்டுல நிறுத்தி வச்ச லாரி. ஞாயித்துக்கிழமையிலருந்து அதுலதான் படுத்துக்கிட்டேன்.

– வீடு இருக்கறப்ப லாரியில என்ன படுக்கை?

– நீ போகச் சொன்னே.

– நானா?

– இருபது நாள் ஓட்டிட்டு அன்னைக்குத்தான் வந்தேன். பையைக்கூடக் கீழ வைக்கல. வாசல்ல வந்து நின்னு, யாருய்யா நீ, உனக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டே.

– நீங்கன்னுகூடச் சொல்லலையா?

– வெறும் நீதான் சொன்னே.

– விளையாட்டுக்குக் கேட்டிருப்பேன்.

– விளையாடுற மூஞ்சி எனக்குத் தெரியாதா? எப்பவோ ஒரு தடவை வீட்டுக்கு வர்ற புருஷனை நீ குத்திக் காட்டுறேன்னு நினைச்சேன். ரோஷம் வந்துடுச்சு. இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டுக் கிளம்பிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணப்பகூட, நீதான் சமாதானத்துக்குத் தூது விடுறேன்னு ரெண்டு தடவை எடுக்கல. மூணாவதுதான் எடுத்தேன்.

– இத்தனை நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. ஏன் சொல்லல?

– உனக்குத்தான் மறந்து போச்சே. ஞாபகம் வந்தா மறுபடி போகச் சொல்லுவே.

– அண்ணே, ஒரு நிமிஷம். எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேட்டதுக்கு செவ்வாய்க்கிழமைன்னுதானே சொன்னீங்க?

– ஆமா சிஸ்டர். சட்டை தச்ச அன்னைக்கு.

– ஞாயித்துக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல் இருந்துச்சா?

– இல்லையே, தெம்பாத்தான் இருந்தா. நெஞ்சுல கை வச்சு வெளிய தள்ளினா. அந்தக் கை...

– அந்தக் கை?

– சட்டையைத் தாண்டிச் சுட்டுச்சு சிஸ்டர். நான் அதைக் கோவம்னு நினைச்சேன்.