ஒன்பதாம் மேசைக் குளுக்கோஸ்

டெஸ்ட் ட்யூப் கழுவுவது எனக்குப் பிடித்த வேலை. சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். ஆரணியில் எங்கள் தெருவே பட்டுத்தறியில் உட்கார்ந்தபோது, நான் மட்டும் மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என் பெயர் அருணகிரி. நடந்ததை எழுத்தில் கொடுக்கச் சொன்னீர்கள் ஐயா, கொடுக்கிறேன்.

ப்ளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் ஆளுக்கு ஒரு கரிமப் பொருளைக் கொடுப்போம். பிள்ளைகள் அதை முகர்ந்து, சூடாக்கி, அமிலம் சேர்த்து, இன்னதென்று கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. எங்கள் பள்ளியிலோ அன்று காலையே சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து வேதியியல் எடுக்கும் ஜெயம் டீச்சர் சொல்லிவிடுவார். ஒற்றைப்படை நம்பருக்குக் குளுக்கோஸ், இரட்டைப்படைக்கு யூரியா. பிள்ளைகள் மனப்பாடம் செய்ததைத் தாளில் கொட்டிவிட்டுப் போவார்கள். வெளியூர்த் தேர்வாளர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு முழு மார்க் போடுவார். சாயங்காலம் நான் கழுவப் போனால் ட்யூப் எல்லாம் காலையில் வைத்தபடியே காய்ந்து கிடக்கும். வயிறு எரியும் ஐயா. ஆயிரம் பேருக்குச் சமைத்துவிட்டு, ஒருவரும் இலையில் கை வைக்காவிட்டால் சமையல்காரனுக்கு எப்படி இருக்கும்?

நான் சும்மா இருக்கவில்லை. தலைமையாசிரியருக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். போன வருடம் குளுக்கோஸ் இருக்க வேண்டிய மேசைகளில் எல்லாம் தூள் உப்பை வைத்தேன். 'கருகியது, எரிந்த சர்க்கரை வாசனை வந்தது, எனவே குளுக்கோஸ்' என்று ஒருவர் பாக்கியில்லாமல் எழுதினார்கள். தாள்களைத் தேர்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்தார். ஜெயம் டீச்சர்தான் பதில் சொன்னார்.

"பேஜார் பண்ணாதீங்க அருணகிரி. புள்ளைங்க பாஸாவுதுங்க, உங்களுக்கு இன்னா போச்சு? சாருக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

செவிடன் காதில் ஊதிய சங்கு. இவர்களுக்கு உப்பெல்லாம் போதாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சுகன்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அப்பா முள்ளிப்பட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அதனாலோ என்னவோ, கண்ணால் பார்க்காத எதையும் அவளுக்கு எழுத வராது. ஜூன் மாதத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபுக்கு வந்து நிற்பாள்.

"அண்ணா, நேத்து சொன்ன டெஸ்ட்டை இன்னிக்கு நானே செஞ்சி பாக்கட்டுமா?"

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எத்தனை சொட்டு அமிலம், எவ்வளவு சூடு, ட்யூபை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பது, எல்லாம். சாயத் தொழிலுக்கே மேல்படிப்பு படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் நான் கழுவிய ட்யூப் எல்லாம் அவள் அழுக்காக்கியவைதான்.

தேர்வன்று ஒன்பதாம் மேசையில் குளுக்கோஸுக்குப் பதிலாக வேறொரு வெள்ளைப் பொடியை வைத்தேன். அமிலம் பட்டுச் சூடேறினால் வெடிக்கும். பெயர் உங்கள் தடயவியல் அறிக்கையில் இருக்கும். நான் எழுத மாட்டேன், படித்துவிட்டு எவனாவது செய்து பார்ப்பான். இந்த மாதிரி விஷயங்களில் நான் ஜாக்கிரதையான ஆள்.

ஏன் ஒன்பதாம் மேசை என்று மூன்று தடவை கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். மற்ற மேசையில் வைத்து என்ன பிரயோஜனம்? ஒருவரும் தொட மாட்டார்கள், இன்னொரு வருடமும் வீண். செய்முறைத் தேர்வு விளையாட்டில்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டுமானால், யாராவது ஒருத்தர் அதை உண்மையாகவே செய்தாக வேண்டும். அந்த அறையில் செய்யக்கூடியவள் ஒருத்திதான். அவள் நம்பருக்கு ஒன்பதாம் மேசை.

ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கண்ணுக்குப் போட்டுக்கிற கண்ணாடி பீரோல இருக்குதே, எடுத்துத் தரீங்களா?"

பீரோ சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"சாவி டீச்சர் கையில கீது பாப்பா. குளுக்கோஸுக்கு அது இன்னாத்துக்கு? நீ செய்" என்றேன்.

கண்ணாடி போட்டிருந்தால் சின்ன விபத்தாகப் போயிருக்கும். நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். அதையும் யோசித்துத்தான் சொன்னேன்.

சத்தம் கேட்டபோது நான் வராந்தாவில் நின்றிருந்தேன். ஓடிப்போய் அவள் முகத்தில் தண்ணீர் விட்டதும் நான்தான். அப்போதுகூட அவள், "நான் எதனா தப்பா செஞ்சிட்டேனாண்ணா?" என்றுதான் கேட்டாள். இல்லை பாப்பா, சரியாகத்தான் செய்தாய் என்று சொன்னேன். அது உண்மை. இரண்டு கண்ணும் இனி தேறாது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். வருத்தமாகத்தான் இருக்கிறது. அப்படி ஒரு பிள்ளை மறுபடி கிடைக்க எத்தனை வருடம் ஆகுமோ.

மீதித் தேர்வை ரத்து செய்துவிட்டு எல்லாருக்கும் முழு மார்க் போட்டுவிட்டார்கள் என்று நேற்று உங்கள் ஏட்டு சொன்னார். சோறு இறங்கவில்லை. இவர்களை என்ன செய்தால்தான் திருத்த முடியும்? என் மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: அன்றைக்கு அந்த அறையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் இரண்டே பேர்தான், சுகன்யாவும் நானும்.