தொண்ணூறு விநாடி அவகாசம்

மதியம் மூன்று மணி. பேய்க்குப் பொருந்தாத நேரம் என்று நினைக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்... பிறகு சிரிப்பு வராது. கிட்ட நகர்ந்து உட்காருங்கள், கரன்ட் வர நேரமாகும்.

என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். ஊருக்கு வெளியே, கிடங்குகள் மட்டுமே உள்ள சாலையில் போனார். ஈ காக்கை இல்லை. கடைசிக் கட்டடம் ஓர் ஒலிப்பதிவுக்கூடம். புத்தகங்களைக் குரலில் பதிவு செய்யும் இடம். படிப்பவர் உரிமையாளரின் மனைவி. அவர் இறந்து ஒன்றரை மாதம்... பன்னிரண்டு அத்தியாயத்தில் பதினொன்றுதான் முடித்திருந்தார்.

கோப்புகள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் இருந்தன. எடிட்டிங் அறைக் கணினியும் பதிவறைக் கணினியும் நெட்வொர்க் வழியே அவற்றைப் பகிர்ந்துகொள்ளும். இப்போது தினமும் மூன்றிலிருந்து நான்குவரை பகிர்வு தொங்கிவிடுகிறது. அந்த அம்மாவின் ஃபோல்டரைத் தொட்டால் திரை உறைந்து நிற்கிறது.

"எதை வேணா மாத்துங்க தம்பி. அந்த ஃபோல்டர் மட்டும் போயிடக் கூடாது. அவ குரல் வேற எங்கயும் இல்ல," என்றார் உரிமையாளர்.

நகல் எடுக்கவில்லையா என்று கேட்காதீர்கள். நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்களா?

மச்சான் கேபிளை மாற்றினார். ஸ்விட்சை மாற்றினார். பலன் இல்லை. ஒரு கணினி ஒரு கோப்பில் எழுதும்போது, மற்றது தொடாதபடி அதைப் பூட்டிக்கொள்ளும். கடைசியில், எந்தக் கோப்பை எந்தக் கணினி அப்படிப் பூட்டி வைத்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தார். ஒரே வரி. பன்னிரண்டாம் அத்தியாயம்... பூட்டியிருப்பது பதிவறைக் கணினி.

போய்ப் பார்த்தார். கனத்த கதவு, 'ப்ப்' என்று காற்றை விழுங்கித் திறந்தது. உள்ளே கிராம்பு வாசனை. தொண்டைக்காக அந்த அம்மா வாயில் அடக்கிக்கொள்வாராம். கணினி துணி போர்த்திக் கிடந்தது. கரன்ட் வயரும் இல்லை, நெட்வொர்க் கேபிளும் இல்லை.

"இங்க யாரும் இல்ல சார். வெறும் மிஷின்தான்," என்று குரல் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டார்.

"பழைய பூட்டு ஒட்டிக்கிட்டிருக்கு. ஷேரிங்கை நிறுத்திப் போட்டா போயிடும்."

போட்டார். மறுபடி எழும்போது சர்வர் தொண்ணூறு விநாடி காத்திருக்கும். முன்பு பூட்டிய கணினி உயிரோடு இருந்தால், அதற்குள் வந்து தன் பூட்டைக் கேட்க வேண்டும். வராவிட்டால் பூட்டு போய்விடும். மச்சான் எண்ணினார். எண்பது... எண்பத்தைந்து... எண்பத்தொன்பதில் பதிவறைக் கணினி வந்து கேட்டது.

கோப்பின் அளவு ஏறிக்கொண்டே இருந்தது. பூட்டை உடைக்கப் போன மச்சானின் மணிக்கட்டை உரிமையாளர் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க... முடிக்கட்டும்."

நான்கு மணிக்குப் பூட்டு தானாக விடுபட்டது. கோப்பைத் திறந்தார்கள். அதே அம்மாவின் குரல், நிதானமாகப் படிக்கிறது. நடுவில் ஒரு 'ப்ப்'... "இங்க யாரும் இல்ல சார். வெறும் மிஷின்தான்." கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த அம்மா, பாதியில் நின்ற வாக்கியத்தை முதலிலிருந்து படித்தார்.

அத்தியாயம் முடிந்தது. நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. 'ப்ப்'... பதிவு அவ்வளவுதான்.

எடிட்டிங் அறைக்குள் கிராம்பு வாசனை. உரிமையாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"படிச்சு முடிச்சதும் இங்க வந்துதான் ஒரு தடவ கேப்பா," என்றபடி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.