நூறைத் தாண்டாத நோட்டு

காலை ஏழரைக்கு ஒருமுறை, மாலை ஏழரைக்கு ஒருமுறை தங்கைக்குச் சூடு பார்ப்பேன். ஒரு நாளும் தவறியதில்லை. அவள் இறந்த அன்று மாலையிலும் பார்த்தேன். எழுதிவைத்த நோட்டு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, சிஸ்டர்.

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் நாட்களில் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் கொடுத்த தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினேன். பச்சைக் காய், பூ, பக்கத்து வீட்டுப் பூனை எதையும் உள்ளே விடவில்லை. ஈறில் ரத்தம் கசியாமலிருக்கக் குழந்தைகளின் பிரஷ் வாங்கினேன். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர், நாளெல்லாம் கூட்டத்தில் இருப்பவர். அதனால்தான் அவளை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். அவர் வந்தால் ஜன்னலுக்கு வெளியே நிற்பார்.

"உள்ள வர விசா வேணும். அக்காகிட்ட மனு போடுங்க."

"போட்டேனே. அண்ணி கிழிச்சுப் போட்டுட்டாங்க."

மூவரும் சிரிப்போம்.

போன மாதம் காய்ச்சல் நூறைத் தாண்டியது. தாளில் உள்ளபடி உடனே இங்கே அழைத்து வந்தேன். உடன் தங்க ஒருவருக்குத்தான் அனுமதி. அனுமதி அட்டையில் அவள் கணவர் பெயர் இருந்தது. லீவு போட்டு, முகக்கவசம் கட்டிக்கொண்டு, பதினொரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கீழே நாற்காலி வரிசையில் இருந்தேன். திரும்பி வந்தவள் அவரைப் பற்றியே பேசினாள். மருந்து முடிந்ததும் வேறு ஊருக்குக் குடிபோகிறார்களாம். ஆறு வயதிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிட்டவள் நான். முடி கொட்டியபின் அந்தத் தலையைத் துடைத்துவிட்டவளும் நான்தான்.

எங்களைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும் என்று தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் நெற்றி சுட்டது. ஆறரைக்கு ஒரு மாத்திரை கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். ரத்தம் ஊற என்றேன். ஏழரைக்குத் தொண்ணூற்றெட்டு. புதன், வியாழன் அப்படியே. கருவி காட்டியதைத்தான் எழுதினேன். ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தூக்கமே வராது. என் வீட்டில் நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை மாலை மாத்திரைக்குக் காய்ச்சல் அடங்கவில்லை. இரண்டு போர்வைக்குள்ளும் பல் தந்தியடித்தது. கருவி நூற்று மூன்று காட்டியது. நான் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன். நோட்டில் அது ஒன்றுதான் பொய்.

அவள் கண்ணைத் திறக்காமல் என் கையைப் பிடித்தாள்.

"எவ்வளவுக்கா காட்டுது? போகணும்னா சொல்லு, அவரு வெளியதான் நிக்கிறாரு."