பெயர் வெட்டிய டம்ளர்கள்

காபியில் சர்க்கரை போதவில்லை என்று அன்று காலை சொன்னேன். "ரேஷன்ல இதுக்கு மேல தித்திக்காது," என்று சிரித்தாள் என் மனைவி விசாலாக்ஷி. சாயங்காலம் அவளுக்குக் குளிர்ஜுரம் கண்டது. மறுநாள், எங்களோடு மாதுங்காவில் தங்கியிருந்த அவள் தங்கை ஷ்யாமளாவுக்கும். இருவருக்கும் மலேரியா.

யுத்தகாலம். மலேரியாவுக்கான கொய்னா மருந்து கிடைக்காமல் பம்பாய் தவித்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதற்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தோம். கர்ஜத் காட்டிலிருந்து வந்த ஒரு வேரின் சாறு கோழிக்குஞ்சுகளின் மலேரியாவைத் தணித்தது. மனிதர்களுக்குப் பலிக்குமா என்பதை, மருந்து கொடுத்தவரையும் கொடுக்காதவரையும் ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே ஜுரம். இப்படி அமைவது அபூர்வம்.

அவர்கள் அம்மா சீராகக் கொடுத்த வெள்ளி டம்ளர்களில் பெயர் வெட்டியிருந்தது. சீட்டு ஒட்டும் வேலை மிச்சம். விசாலாக்ஷியின் டம்ளரில் வேர்ச்சாறு. ஷ்யாமளாவுடையதில், அதே கசப்புக்காகப் பாகற்காய்ச் சாறு கலந்த வெறும் தண்ணீர்.

"அத்திம்பேர், உங்க கோழிக்குஞ்சுக்கும் பேர் வெட்டின டம்ளர்தானா?" என்று ஷ்யாமளா கேலி செய்தாள்.

விசாலாக்ஷிக்கு ஜுரம் இறங்கியது. தங்கை பிதற்றத் தொடங்கினாள்.

"எனக்கு மட்டும் நல்ல மருந்தாப் பாத்துக் குடுக்கறேளா?" என்று கேட்டாள் விசாலாக்ஷி.

"ரெண்டும் ஒண்ணுதான். அவாவா டம்ளர்ல அவாவா குடிக்கணும், அவ்வளவுதான்."

அவள் நம்பவில்லை. தன்னுடையதைத் தங்கைக்குப் புகட்டிவிட்டு, தங்கையுடையதைத் தான் குடித்ததை அடுக்களையிலிருந்து பார்த்தேன். சோதனை கெட்டதே என்று கோபம் வந்தது. யோசித்ததும் ஆறிவிட்டது. ஷ்யாமளா தேறி, விசாலாக்ஷிக்கு ஜுரம் திரும்பினால், அதைவிடத் தெளிவான நிரூபணம் ஏது? பிறகு தினமும் மருந்தை வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன், மாற்றிக்கொள்ள வசதியாக.

ஷ்யாமளா எழுந்து உட்கார்ந்த அன்று விசாலாக்ஷி போய்விட்டாள். அத்திம்பேர்தான் தன்னைப் பிழைக்கவைத்தார் என்று ஷ்யாமளா இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள்.

விசாலாக்ஷியை நான் கைவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். நிலைமை முற்றினால் கொடுப்பதற்கென்று, ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு குப்பி கொய்னா முன்பே வாங்கி வந்து ஸ்வாமி அலமாரியில் வைத்திருந்தேன். கொடுத்திருந்தால், எது குணப்படுத்தியது என்று சொல்ல முடியாமல் போயிருக்கும்.

குப்பி அங்கேயேதான் இருக்கிறது. அதன் அரக்கு முத்திரை இன்னும் உடையவில்லை.