சனிக்கிழமைத் தோட்டம்

"ஹலோ... ம், நான்தான். மெதுவா பேசுங்க, பிள்ளைங்க தூங்குதுங்க... பாப்பாவும்தான். ஏன் குரல் இப்படிக் குழையுது? என்ன வேணும்?"

அவள் வேலை பார்க்கும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில், செருப்புகள் குவிந்து கிடக்கும் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். பிரிந்து போன கணவன் பட்டப்பகலில் கூப்பிட்டால் ஏதோ காரியம் இருக்கும். நான்கு வயது மகள் அவளோடு இருந்தாள். சனியும் ஞாயிறும் மட்டும் அவனோடு. அதைத் தலைகீழாக மாற்றச் சொல்லி அவன் வழக்குப் போட்டிருந்தான்.

"தோட்டமா?... யாருக்கு?... ஓ, பாப்பாவுக்கு. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்... சரி சரி, கோவிச்சுக்காதீங்க. கேளுங்க."

கூட இருந்த காலத்தில் ஒரு செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாத மனுஷன், கைக்கு அடக்கமான செலவில் குழந்தைக்கு ஏற்ற தோட்டம் எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"பழைய டயரா? நல்லது, சும்மாவே தருவாங்க. உள்ளுக்குள்ள கம்பி நீட்டிட்டிருக்கான்னு தடவிப் பாருங்க... ஆமா, வெறுங்கையாலதான். அவ அப்படித்தானே தொடுவா... செடி என்ன வச்சீங்க?... அரளியா? முதல்ல பிடுங்கிப் போடுங்க. அது விஷம். அவ எதையும் வாயில வச்சுத்தான் பார்ப்பா, தெரியாதா உங்களுக்கு?... கீரை விதை தூவுங்க. சட்டுனு முளைச்சுடும், அவளுக்குப் பொறுமை கிடையாது... ஆமா, உங்கள மாதிரியேதான்... யாரது இருமுறது? அத்தையா?... நிஜமா இருமலா, இல்ல எடுத்துக் குடுக்கிறாங்களா?"

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவளுடைய சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது.

"மணல் விளையாட இடமில்லையா? ஏன், நடுவுல அவ்வளவு இடம் கிடக்குமே?... தொட்டியா? அந்தப் பழைய சிமென்ட் தொட்டி... தண்ணி நிரப்பி மீன் விட்டிருக்கீங்களா... ம்... ம்... அது சரி, எதுக்கு இவ்வளவு அவசரம்? திங்கட்கிழமைக்குள்ள எதுக்கு முடியணும்?... சும்மாவா?... யாராவது வர்றாங்களா?... சொல்லுங்க... வக்கீல் சொல்லிக் குடுத்தாரா?"

அவன் பேச்சை மீன் பக்கம் திருப்பினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தை யாரிடம் இருப்பது நல்லது என்று எழுத, கோர்ட்டிலிருந்து ஒரு அம்மா இருவர் வீட்டுக்கும் வரப்போகிறாள். இவள் வீடு மாடியில் ஒரே அறை. மண் என்று காட்ட, ஜன்னலில் ஒரு பூந்தொட்டி.

"அப்ப தோட்டத்தையே சாட்சிக்குக் கூப்பிடறீங்க. என்கிட்டயே யோசனை கேட்டு... வேண்டாம், ஒண்ணும் பேசாதீங்க. வைக்கிறேன்."

வைக்கவில்லை. விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. மூடாத தொட்டியில் தண்ணீர். வருகிறவள் கண்ணில் அது ஒன்று பட்டால் போதும், அவன் கதை கந்தல். இவள் வாயை மூடிக்கொண்டிருந்தாலே வேலை முடிந்தது. ஆனால் திங்களுக்கு முன்னால் சனிக்கிழமை வருகிறது. திறந்திருந்த கதவு வழியே பார்த்தாள். பாய் வரிசையின் கடைசியில், பக்கத்துப் பிள்ளையின் போர்வைமேல் காலைப் போட்டபடி பாப்பா தூங்கினாள்.

"...இருக்கீங்களா? அந்தத் தொட்டி எவ்வளவு ஆழம்?... இடுப்பளவுன்னா யார் இடுப்பு, உங்களுதா, அவளுதா?... தண்ணிய இறைச்சுடுங்க. ஆமா, இன்னிக்கே. மீன யாருக்காவது குடுத்துடுங்க. அடியில ரெண்டு ஓட்டை போட்டு, ஜல்லி கொட்டி, மேல மணல நிரப்புங்க. ராத்திரி ஒரு பலகை போட்டு மூடுங்க, இல்லன்னா பூனை அசிங்கம் பண்ணிடும். மணலுக்குன்னு தனியா இடம் கட்ட வேண்டாம், செலவும் மிச்சம்... ஆமா, வர்றவங்களும் மெச்சுவாங்க. எனக்குத் தெரியும்... என்ன?... எதுக்குச் சொல்றேனா?"

அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

"உங்களுக்கும் சந்தேகமா? நல்லாச் சந்தேகப்படுங்க... இல்ல, உள்ள ஒண்ணும் வச்சுப் பேசல... நன்றியெல்லாம் அத்தைகிட்ட சொல்லுங்க. சனிக்கிழமை நானே கூட்டிட்டு வர்றேன்... இல்ல, உங்கள நம்பல. குச்சி கொண்டு வருவேன். அடிவரைக்கும் மணல்தானான்னு குத்திப் பாத்துட்டுத்தான் அவ கைய விடுவேன்... பாப்பா எழுந்துட்டா. வைக்கிறேன்."